கோல் கம்பத்துக்குப் பின்னால் ஆறு ஞாயிறுகள்

மே 10, சனி

நாளை முதல் ஆட்டம். இந்த நோட்டில் என்னென்ன எழுதுவேன் என்பதை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன். இல்லாவிட்டால் பாதியில் குழம்பிவிடுவேன்.

1. மே 11 முதல் ஜூன் 15 வரை ஆறு ஞாயிறுகள். மாநில மகளிர் லீக்கில் எங்கள் கெடிலம் மகளிர் அணியின் ஆட்டங்கள். ஆறு அணிகள். முதல் ஐந்து ஆட்டங்கள் இங்கே கடலூரில், ஆற்றங்கரை மைதானத்தில். முதல் இரண்டு இடங்களில் வரும் அணிகள் திருச்சியில் இறுதி ஆட்டம் ஆடும். வென்ற அணி தேசிய அளவிலான இரண்டாம் நிலைத் தொடருக்குப் போகும்.

2. பேத்தி முகிலினியின் சாப்பாடு, தூக்கம். வயது மூன்றரை. ஞாயிறுகளில் முழுக்க என் பொறுப்பு.

3. கால்பந்து பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. கருத்து எழுத மாட்டேன். பார்த்ததை மட்டும் எழுதுவேன்.

4. கோல்கீப்பராக ஆடும் என் மருமகள் சுடர்க்கொடிக்கு இது கடைசித் தொடர். அணி வென்றாலும் அவள் மேலே போகமாட்டாள். வலது முட்டி காரணம். கப்பலில் இருக்கும் என் மகன் குமணனின் விருப்பமும் அதுவே.

5. வானிலை. ஆய்வு மையத்திலிருந்து ஓய்வு பெற்றுப் பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. பழக்கம் போகவில்லை.

மே 11, ஞாயிறு

காலை 8.30 மணி: 31.4 டிகிரி. தென்மேற்கிலிருந்து இலேசான காற்று.

ஆட்டம் மாலை நாலரைக்கு. மூன்றே முக்காலுக்கே போய்விட்டேன். எங்கே உட்காருவது என்று தெரியாமல் பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றேன். பயிற்சியாளர் ரெஜினா மிஸ் தூரத்திலிருந்தே கூப்பிட்டார். ஐம்பது வயதிருக்கும். விசில் அவருக்குத் தேவையில்லை, குரலே போதும்.

“சார், நீங்க சுடரோட மாமனார்தானே? கோலுக்குப் பின்னால போய் உக்காருங்க. நிழல் இருக்கு. குட்டி உள்ள ஓடிடாம பாத்துக்குங்க.”

போனேன். சுடர் அந்தப் பக்கக் கோலில்தான் முதலில் நின்றாள். வீட்டில் “மாமா, காபி” என்பதற்கு மேல் குரல் உயர்த்தாத பெண். இங்கே, “ஏய் பானு, தூங்குறியா? பின்னால ஆளு வருது பாரு! எறங்கி வாடி!” என்று போட்ட சத்தத்தில் நானே சுற்றிப் பார்த்தேன்.

ஒப்புக்கொள்கிறேன்: பந்து கோல் பக்கம் வந்தபோதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன். முகிலினிதான் பார்த்துச் சொன்னாள். “தாத்தா, அம்மா புடிச்சிட்டாங்க.” “தாத்தா, அம்மா மறுபடியும் புடிச்சிட்டாங்க.” “தாத்தா, அம்மா மேல மண்ணு.”

2–0. வெற்றி. இரண்டு கோலும் பானு. பத்தொன்பது வயது, முதுநகரில் ஒரு தையல் கடையில் வேலை. கோல் அடித்ததும் நேராக ஓரத்துக்கு ஓடினாள். அங்கே அவளுடைய அத்தைகள் நான்கு பேர் எவர்சில்வர் தட்டுகளைக் கரண்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் அணிக்கு இந்தத் தட்டுகள்தான் மேளம்.

முகிலினி: இட்லி மூன்று. எட்டரைக்குத் தூங்கினாள்.

மே 14, புதன்

சுடரின் கையுறைகளை நான் துவைத்தேன். பள்ளியில் தேர்வுத்தாள் வேலை இருக்கிறதென்று அவள் போயிருந்தாள். (பி.டி. மிஸ்ஸுக்கும் தேர்வுத்தாள் உண்டாம்.) உள்ளே அச்சிட்டிருந்த குறிப்பை இரண்டு முறை படித்தேன். வெதுவெதுப்பான தண்ணீர், முறுக்கிப் பிழியக் கூடாது, வெயிலில் போடக் கூடாது. நிழலில் கொடி கட்டிக் கிளிப் போட்டேன்.

பக்கத்து வீட்டு சபேசன் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். “என்ன சார், யாரோ ரெண்டு கைய கழட்டி மாட்டியிருக்கீங்க?”

“மருமகளோடது. கோல்கீப்பர்.”

“அடேங்கப்பா! அப்ப சமையல்?”

“பருப்பு நான் வைப்பேன்” என்றேன். அது உண்மைதான், ஆனால் சொன்ன பிறகு அசட்டுத்தனமாகப் பட்டது.

“குமணன் ஒண்ணும் சொல்லலியா?”

“இந்தத் தொடரோட சரி” என்றேன். சுடர் அப்போதுதான் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு உள்ளே வந்துகொண்டிருந்தாள். கையுறைகளைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாகத் துவைத்திருப்பதாகச் சொல்லவில்லை. உள்ளே போய்விட்டாள். களைப்பு என்று நினைக்கிறேன்.

மே 18, ஞாயிறு

1–1. இந்த லீக்கில் சமன் கிடையாது. ஆளுக்கு ஐந்து பெனால்டி. சுடர் இரண்டைத் தடுத்தாள். வெற்றி.

எங்களுக்கு முந்திய ஆட்டம் மேட்டூர் அணியுடையது. அதுவும் பெனால்டிவரை போனது. காத்திருக்கும் நேரத்தில் கை சும்மா இருக்கவில்லை. யார் எந்தப் பக்கம் அடிக்கிறார்கள் என்று குறித்துவைத்தேன். எனக்குத் தெரிந்த ஒரே முறை காற்றுக் குச்சிதான். ஒரு சிறு வட்டம், அதிலிருந்து ஒரு குச்சி, வேகத்துக்கு ஏற்றபடி குச்சியின் நுனியில் இறகுகள். காற்று வரும் பக்கம் குச்சி நீளும், போகும் பக்கம் அல்ல. முப்பத்துநான்கு வருடம் அப்படியே வரைந்த கை. நான் கோலுக்குப் பின்னால் இருப்பதால் என் இடமும் வலமும் கோல்கீப்பருடையதும் ஒன்றே. இதைச் சரிபார்த்துக்கொண்டேன்.

இது கருத்து அல்ல. மூன்றாவது குறிப்பை மீறவில்லை.

மே 22, வியாழன்

37.8 டிகிரி. அக்னி நட்சத்திரம்.

மாலைப் பயிற்சிக்கு முகிலினியை அழைத்துப் போனேன். அவள் தண்ணீர் கேட்டாள். பையிலிருந்து பாட்டிலை எடுக்கும்போது நோட்டு கீழே விழுந்தது. எடுத்தவர் ரெஜினா மிஸ்.

“இது என்ன சார், முள்ளும் இறகுமா?”

மேட்டூர்ப் பெண்களின் பெனால்டிகள் என்று சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே நின்றார்.

“பதினேழாம் நம்பர் எத்தன இறகு?”

“மூணு. நல்ல வேகம்.”

“நம்ம அணியில இதெல்லாம் பாக்க ஆளு கிடையாது சார். பெரிய அணிகளுக்கு இதுக்குன்னே லேப்டாப்போட ஒருத்தர் இருப்பாரு. இனிமே நமக்கு நீங்கதான்.” பிறகு திரும்பி, “ஏய் பொண்ணுங்களா! இவருதான் நம்ம வெதர் தாத்தா!”

இருபது பெண்கள் கைதட்டினார்கள். எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. மேகம் பார்த்தேன். மேகம் இல்லை.

மே 25, ஞாயிறு

0–3. தோல்வி. முகிலினி தயிர்சாதம் சாப்பிட்டாள்.

மே 27, செவ்வாய்

குமணன் அழைத்தான். கப்பல் சிங்கப்பூரில். மூன்று கோல் வாங்கியதை எப்படிச் சொல்வதென்று தயங்கினேன். அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

“ரெண்டாவது கோலு ஆஃப்சைடுப்பா! வீடியோ பாத்தேன். நானும் எங்க கப்பல் மூணாவது இன்ஜினியரும் எட்டு தடவ ஓட்டிப் பாத்தோம். அந்த லைன்ஸ்மேனுக்குக் கண்ணு இருக்கா இல்லையா?”

கவலையை மறைக்கத்தான் இப்படிச் சத்தமாகப் பேசுகிறான் என்று தோன்றியது. போனைச் சுடரிடம் கொடுத்தேன். “ம்.” “ம்.” “சாப்பிட்டாச்சு.” “வெக்கிறேன்.” அவ்வளவுதான். என் எதிரில் பேசக் கூச்சம் போலும்.

ஜூன் 1, ஞாயிறு

34.2 டிகிரி. வெற்றி 3–1.

பானு ஒரு கோல் அடித்தாள். அதை எழுத வேண்டும், ஏனென்றால் நான் கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு பார்த்த முதல் கோல் அது. நடுக்கோட்டிலிருந்து பந்தை எடுத்தாள். முதலில் வந்தவளை வலப்பக்கம் பார்த்து ஏமாற்றி இடப்பக்கம் போனாள். இரண்டாவதாக வந்தவள் இவளைவிட ஒரு தலை உயரம். அவள் கால்களுக்கு நடுவில் பந்தைத் தள்ளிவிட்டு, ‘ஒரு நிமிஷம்’ என்று சொல்வதுபோல் சுற்றிக்கொண்டு போய் மறுபுறம் எடுத்துக்கொண்டாள். கோல்கீப்பர் வெளியே வந்தாள். பானு பந்தை அடிக்கவில்லை. தையல் கடையில் அளவுத் துணியை மேசையில் நகர்த்துவதுபோல் ஓரமாக நகர்த்தினாள். அது தானாகப் போய் உள்ளே நின்றது.

அழகாக இருந்தது. இது கருத்துதான். இருக்கட்டும்.

ஆட்டம் முடிந்ததும் பானு என்னிடம் வந்து, “தாத்தா, எனக்கு எத்தன இறகு போட்டீங்க?” என்றாள்.

“ஒண்ணுகூட இல்ல. காற்றே வீசாத மாதிரி இருந்துச்சு.”

“ஐயய்யோ, மிஸ், தாத்தா கலாய்க்கிறாரு!”

ஜூன் 8, ஞாயிறு

வெற்றி 1–0. பட்டியலில் மேட்டூர் முதலிடம். நாங்கள் இரண்டாமிடம். அடுத்த ஞாயிறு திருச்சி.

வேனில் எனக்கும் முகிலினிக்கும் இடம் போட்டுவிட்டார்கள். கேட்கவே இல்லை.

ஜூன் 11, புதன்

சுடர் முட்டியில் ஐஸ் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வலிக்கிறதா என்று கேட்டேன். பயிற்சிக்குப் பிறகு எல்லோரும் வைப்பதுதான் என்றாள். நான் நம்பவில்லை. ஐந்து வருடங்களுக்கு முன் இதே முட்டியில் ஜவ்வு கிழிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். அப்போது குமணன் கப்பலில் இருந்தான். வராந்தாவில் நான் ஒருவன்தான். கதவு இடுக்கு வழியே அவள் அழுததைப் பார்த்தேன். உள்ளே போகத் தைரியம் வரவில்லை. தண்ணீர் பாட்டில் வாங்கி நர்ஸிடம் கொடுத்தனுப்பினேன்.

“மாமா, மேட்டூர் நோட்ட குடுங்க.”

கொடுத்தேன். ஐந்து பேரின் குச்சிகளையும் ஒரு வெள்ளைத் தாளில் அப்படியே பார்த்து வரைந்து, நம்பர் எழுதி, தண்ணீர் பாட்டிலில் ஒட்டி, மேலே டேப் சுற்றினாள். பெனால்டிக்கு முன் தண்ணீர் குடிக்கிற சாக்கில் பார்த்துக்கொள்ளலாமாம். நல்ல யோசனை. வேறு விளக்கம் எதுவும் அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

“கடைசி ஆட்டம். நல்லபடியா முடியட்டும்” என்றேன்.

“ம்” என்றாள்.

ஜூன் 16, திங்கள்

நேற்று எழுத முடியவில்லை. வரிசையாக எழுதுகிறேன்.

திருச்சி. மாலை ஐந்து மணிக்கு 35 டிகிரி இருக்கும். கருவி இல்லை, உத்தேசம். மேட்டூரிலிருந்து இரண்டு பஸ்ஸில் ஆள் வந்திருந்தது, மேளத்தோடு. எங்களுக்கு அத்தைகள் நால்வர், தட்டு நான்கு.

தொண்ணூறு நிமிடம், 0–0. சுடர் தடுத்தவை ஏழு. ஒன்றை விரல் நுனியால் மேலே தட்டிவிட்டாள். பந்து கம்பத்தில் பட்டு அதிர்ந்த சத்தம் என் பல்லில் கேட்டது. கண்ணை மூடவில்லை.

பிறகு பெனால்டி, என் பக்கக் கோலில். சுடர் பாட்டிலை எடுத்துத் தண்ணீர் குடித்தாள். மேட்டூரின் முதல் பெண், ஒன்பதாம் நம்பர். சுடர் இடப்பக்கம் பாய்ந்தாள். பந்து வலப்பக்கம் போனது.

சரி, ஒருத்தி மாற்றி அடிக்கலாம் என்று நினைத்தேன்.

எங்கள் பெண் உள்ளே அடித்தாள். சுடர் மறுபடி தண்ணீர் குடித்தாள். இரண்டாவது, பதினேழாம் நம்பர். சுடர் வலப்பக்கம் பாய்ந்தாள். பந்து இடப்பக்கம், மூன்று இறகு வேகத்தில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பந்து போகும் பக்கம் குச்சி இருக்கும் என்றுதான் உலகத்தில் யாராக இருந்தாலும் நினைப்பார்கள். நான் மட்டும்தான் வரும் பக்கம் வரைவேன். என் மருமகளை நானே எதிர்ப்பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் இரண்டாவது பெண்ணும் உள்ளே அடித்தாள். 2–2. அடுத்து மேட்டூர். நேரமில்லை. முகிலினியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினேன். கம்பி வேலிவரை ஓடினேன். ஓடினேன் என்றுதான் எழுத வேண்டும். இந்த எழுபத்தொரு வயதுவரை பொது இடத்தில் நான் குரல் உயர்த்தியதில்லை. பஸ்ஸில் என் நிறுத்தத்துக்குக்கூட நானாக விசில் கேட்க மாட்டேன், வேறு யாராவது கேட்டால் அவர்களோடு சேர்ந்து இறங்கிக்கொள்வேன்.

“சுடர்! குச்சிக்கு எதிர்ப்பக்கம்! எல்லாமே எதிர்ப்பக்கம்!”

நடுவர் திரும்பினார். கழுத்தில் அட்டை மாட்டிய ஓர் இளைஞர் வந்தார். “சார், கோலுக்குப் பின்னாலேருந்து கோச்சிங் பண்ணக் கூடாது. வெளிய போகணும்.”

“மன்னிக்கணும் சார். தப்புதான்” என்றேன். முப்பத்துநான்கு வருடப் பணியில் ஒரு மெமோ வாங்கியதில்லை. பேத்தியோடு கேட்டுக்கு வெளியே நிறுத்தப்பட்டேன்.

சுவர் உயரம். ஒன்றும் தெரியவில்லை. காவலாளி நுங்கு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் சத்தம் வந்தது. மேளம் என்றால் அவர்களுக்கு, தட்டு என்றால் நமக்கு. முதலில் தட்டு. அப்படியானால் சுடர் தடுத்துவிட்டாள். மறுபடி தட்டு. நாங்கள் அடித்துவிட்டோம். பிறகு மேளம். உடனே இன்னொரு மேளம், முன்னதைவிடப் பெரிதாக. எங்கள் பெண் யாரோ தவறவிட்டிருக்கிறாள். 3–3. எஞ்சியது ஆளுக்கு ஒன்று. முகிலினி, “தாத்தா, ஒண்ணுக்கு” என்றாள். “ஒரு நிமிஷம்டா கண்ணு.” “இப்பவே.”

சுவரோரம் அவளை உட்காரவைத்துக்கொண்டு காதைக் கொடுத்தேன். தட்டு! நான்கு தட்டில் அவ்வளவு சத்தம் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. பிறகு நீண்ட நேரம் ஒன்றுமே இல்லை. காவலாளிகூட நுங்கைக் கீழே வைத்தார். கடைசி அடி பானுவுடையது என்று எனக்குத் தெரியும்.

இந்த முறை தட்டுச் சத்தமே வரவில்லை. அடிக்க மறந்து நான்கு அத்தைகளும் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கேட்டைத் திறந்து முதலில் ஓடிவந்தவள் சுடர். கையுறையோடு குழந்தையைத் தூக்கினாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். கல்யாணப் போட்டோவில்கூட இப்படிச் சிரிக்கவில்லை.

“நான் சொன்னது கேட்டுச்சாம்மா?”

“ஸ்டேடியம் முழுக்க கேட்டுச்சு மாமா. ஆனா ரெண்டாவது தப்பினப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சு. உங்க குச்சி எல்லாம் தலைகீழ்னு.”

“அப்ப நான் கத்துனது...”

“வீண்தான்” என்றாள். “ஆனா நல்லாருந்துச்சு.”

வேனில் கடலூர்வரை “குச்சிக்கு எதிர்ப்பக்கம்” என்பதையே பாட்டாகப் பாடினார்கள். முகிலினி சீக்கிரமே தூங்கிவிட்டாள். எத்தனை மணிக்கு என்று குறிக்க மறந்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

காலையில் ரெஜினா மிஸ் வீட்டுக்கே வந்தார். தேசியத் தொடருக்கான பெயர்ப்பட்டியல் நாளை மாலைக்குள் போக வேண்டும். எல்லோரும் கையெழுத்துப் போட்டாயிற்று. முதல் வரி மட்டும் காலி. கோல்கீப்பர்.

“நான் முன்னாடியே சொன்னேனே மிஸ். இதோட போதும்.” சுடர் வாழைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அதச் சொன்னது இப்படி ஆடுறதுக்கு முன்னாடி. ரெண்டாவது கீப்பருக்குப் பதினாறு வயசுடி. அவளையா நிறுத்தச் சொல்ற?” என்று திட்டிவிட்டு, தாளை மேசையில் வைத்துவிட்டு, காபி குடிக்காமல் போனார்.

மாலை ஐந்தரைக்குக் குமணன். வாழ்த்து, கூச்சல். மூன்றாவது இன்ஜினியரும் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அப்பா, ஒண்ணு கேக்கட்டுமா? சுடர் ஏன் நிறுத்துறா? உங்ககிட்ட எதாவது சொன்னாளா?”

“நீதானேப்பா வேண்டாம்னே.”

“நானா? எப்ப?”

“முட்டிக்காக...”

“டாக்டர் போன வருஷமே ஆடலாம்னுட்டாருப்பா. நான் எதுக்கு வேண்டாங்குறேன்? அவளா ஒரு நாள் ‘இந்தத் தொடரோட விட்டுடுறேன், சந்தோஷம்தானே’ன்னா. என்ன சொல்றதுன்னே தெரியாம நான் சும்மா இருந்துட்டேன்.”

போனை வைத்த பிறகு அலமாரியிலிருந்து முந்தைய நோட்டை எடுத்தேன். அவன் அழைக்கும் ஒவ்வொரு முறையும் நான் குறித்துவைப்பது வழக்கம். பிப்ரவரி 23, காலை: ‘சுடரிடம் சொன்னேன், இந்தத் தொடரோடு நிறுத்திக்கொள்ளம்மா, குமணனுக்கும் அதுதான் விருப்பம் என்று.’ என் கையெழுத்து. பிப்ரவரி 15 முதல் 27 வரை அவனிடமிருந்து அழைப்பே இல்லை. நடுக்கடலில் இருந்தான். அதற்கு முந்தைய அழைப்புகளிலும் முட்டி பற்றி ஒரு சொல் இல்லை. மூன்று முறை தேடினேன்.

ஜூன் 18, புதன்

காலை 8.30. வெப்பநிலை பார்க்கவில்லை.

சுடர் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இரண்டு நோட்டுகளையும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். ஞாயிறன்று திருச்சியில் கத்தியதைவிட இது கடினமாக இருந்தது. பிப்ரவரிப் பக்கத்தைக் காட்டினேன். குமணன் சொன்னதைச் சொன்னேன். அவன் எதுவும் சொல்லவில்லை என்பதைச் சொன்னேன்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நாலு மாசமா அவர்கிட்ட முகம் குடுத்துப் பேசல மாமா நான். ‘நான் எதாவது தப்பு பண்ணிட்டேனா சுடர்’னு கேட்டாரு. ‘உங்களுக்கே தெரியும்’னுட்டேன். பாவம் அந்த மனுஷன், மலேசியாவுலேருந்து அழுதாரு.”

“மன்னிச்சிடும்மா.”

“நீங்க ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?”

ஆஸ்பத்திரி வராந்தாவைச் சொன்னேன். கதவு இடுக்கு வழியே பார்த்ததை. “நீ அப்படி அழுதத இன்னொரு தடவ என்னால பாக்க முடியாதுன்னு...”

“மாமா.” அவளுக்குச் சிரிப்பு வந்ததா, கோபம் வந்ததா, எனக்குத் தெரியவில்லை. “முட்டி வலிக்குன்னா அழுதேன்? அடுத்த வாரம் இருந்த ஆட்டம் போச்சேன்னு அழுதேன்.”

அன்றைக்கு உள்ளே போய்க் கேட்டிருக்கலாம். ஐந்தடி தூரம்.

மேசையிலிருந்த தாளை எடுத்தாள். பேனா கேட்டாள். என் பேனாவைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த தாளைப் புரட்டிக் கொஞ்சம் யோசித்து, ‘உடன் வருவோர்’ என்ற இடத்தில் என் பெயரை எழுதினாள். அப்புறம் போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். இருபது நிமிடம் பேசினாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. ஒருமுறை மட்டும் “அந்த ரெண்டாவது கோலு ஆஃப்சைடுதான்னு நான் அன்னிக்கே சொன்னேன்!” என்று கேட்டது.

ஆய்வு மையத்தில் தவறான பதிவை அழிக்க அனுமதி கிடையாது. ஒரே ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைக்க வேண்டும். அப்படியே செய்திருக்கிறேன். முதல் பக்கத்தின் நான்காவது குறிப்பு தவறு. குமணன் அப்படி எதுவும் விரும்பவில்லை. பயந்தவன் நான்.